கலமும் உரிமையும்: வ.உ.சி.யின் வாழ்வு

கடலைக் காணாது வளரும் கண்டாச்சிபுரத்து மாணவனும் கப்பலோட்டிய தமிழனை அறிவான். ஆயினும், அவர் சட்டம் கற்றவர் என்பதையும், கலத்தின்மீது கொள்ளும் உரிமையே அவர் வாழ்வின் பெரும் வழக்காயிற்று என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது குறைவே.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார், தந்தை உலகநாத பிள்ளையைப் போலவே வழக்கறிஞரானார். அந்நாளில் தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழி ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. அப்பிடியைத் தளர்த்த 1906 அக்டோபர் 16இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கொன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை ஏற்று 2 இலட்சம் ரூபாய் வழங்கினார். சமயம் கடந்த இவ்வொற்றுமை நாம் நெஞ்சில் இருத்தத்தக்கது.

முதலில் ஷாலைன் கம்பெனியின் கப்பல்கள் குத்தகைக்கு எடுக்கப்பெற்றன. குத்தகை, கலத்தைக் கையில் தரும்; உடைமையைத் தராது. ஆங்கிலக் கம்பெனி நெருக்கவே, உடையவர் கப்பல்களைத் திரும்பப் பெற்றனர். சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். எனினும் சொந்தக் கலமின்றி விடுதலை இல்லை எனத் தெளிந்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் சுதேசிக் கம்பெனியின் உடைமையாயின.

உடைமையும் கைவசமும் ஒன்றல்ல என்பதாலேயே கடல்வழக்குச் சட்டம் இரண்டையும் தனித்துக் குறிக்கிறது. 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் கப்பலின் உடைமை, கைவசம் பற்றிய பூசல்களை உயர்நீதிமன்றம் விசாரிக்க வழிசெய்கிறது. வழக்கு முடியும்வரை கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்து வைக்கவும் இடமளிக்கிறது.

சிதம்பரனாரிடமிருந்து கப்பலைப் பறித்ததோ கடல்வழக்கு அன்று, அரசநிந்தனை வழக்கு. 1908 மார்ச் 12இல் கைதானார்; கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருக்கையில், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது; காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானவரை வரவேற்கக் கப்பலும் இல்லை. வழக்குரைக்கும் உரிமையும் இல்லை. பின்னாளில் அவ்வுரிமை மீள உதவிய நீதிபதி வாலேஸின் பெயரைத் தம் மைந்தருக்கு வாலேஸ்வரன் எனச் சூட்டி நன்றி பாராட்டினார். 1936 நவம்பர் 18இல் மறைந்தார்.

பத்திரத்தில் எழுதிய உரிமையைக் காக்க ஆட்சியும் நம்முடையதாதல் வேண்டும். சிதம்பரனார் தம் வாழ்வையே விலையாகத் தந்து நமக்குக் கற்பித்த பாடம் இது.