மருந்தின் விலையோடு போராடிய பேராசிரியர் சேனக பிபிலே

ஒசுசலவில் வரிசையில் நின்று மருந்து வாங்கும் நம்மில் பலருக்கு, அதன் பின்னாலுள்ள கூட்டுத்தாபனத்துக்கு அடித்தளமிட்டவர் யாரென்று தெரியாது. நமது மாணவர்களுக்கும் அவரைப் பற்றி நாம் அதிகம் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே.

1920 இல் பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கொழும்பில் வைத்தியரானார். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார்.

அன்று ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் இறக்குமதியானது. பெயருக்கேற்ப விலையும் மாறியது. நோயாளியோ வைத்தியர் எழுதியதை வாங்கினார். ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவும் பேரம் பேசும் பலமும் அவரிடம் இருக்கவில்லை. இந்த நிலையை மாற்றுவதற்காக, வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து பிபிலே 1971 இல் ஓர் அறிக்கை தயாரித்தார். அதே ஆண்டு உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே.

பிபிலே இடதுசாரி. ஆனாலும் அவர் சந்தைப் போட்டியை ஒழிக்கவில்லை. அதை நோயாளியின் பக்கம் திருப்பினார். தனியார் துறை இறக்குமதி செய்த சுமார் 2,100 மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. நாட்டின் தேவை பொதுப்பெயரில் மொத்தமாகக் கணக்கிடப்பட்டு, உலகளாவிய கேள்விமனு கோரப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தனியாக ஒரு மாடு தேடுபவருக்கும், ஊரே சேர்ந்து மொத்தமாக வாங்குவோருக்கும் ஒரே விலையா கிடைக்கிறது? அதே கணக்குத்தான் இதுவும். விலைகள் இறங்கின.

பன்னாட்டுக் கம்பனிகள் எதிர்த்தன. மலிவான மருந்தின் தரம் பற்றி வைத்தியர்கள் சிலரும் ஐயம் எழுப்பினர். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குறைந்த விலைக்கு வாங்குவது பாதி வேலைதான். வாங்கியதைப் பரிசோதிப்பது மறுபாதி.

1977 செப்டெம்பரில், ஐ.நா. பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் பிபிலே காலமானார். அதே ஆண்டு வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையோடு கூட்டுத்தாபனத்தின் ஏகபோக இறக்குமதி உரிமை முடிவுக்கு வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தேவையானதை மட்டும் தெரிந்தெடுத்து வாங்கும் அவரது வழி உலகின் வழியானது.

2022 நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் தவித்ததை நாம் மறக்கவில்லை. இலவச சுகாதார சேவை வாட்டில் மட்டும் நடப்பதல்ல. கேள்விமனு திறக்கப்படும் மேசையிலும் அது தங்கியிருக்கிறது. நேர்மையும் அறிவும் உள்ளவர்கள் அங்கே அமர்ந்தால் ஏழைக்கு மருந்து கிடைக்கும். அவர்கள் இல்லாதபோது அதே கேள்விமனு களவுக்கு வாசலாகிவிடும்.

அந்த மேசையில் யார் அமர்கிறார்கள் என்று கேட்பதே பிபிலேக்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.