அறிஞர் பாஸ்டரும் அடைப்பான் நோயும்

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறளும். புன்செய்ப் பயிர் கருகும். அத்தகைய ஆண்டிலும் குடியானவர்களைத் தாங்கி நிற்பது ஆட்டுச் செல்வமே. அறுவடை முடிந்த கரிசல் நிலங்களில் கிடை அமர்த்துவோர், நிலத்துக்கு எரு அளித்துத் தாம் கூலி பெறுவர். மாலையில் நன்கு மேய்ந்து திரும்பிய ஆட்டை, விடியுமுன் மாண்டு கிடக்கச் செய்யும் கொடிய நோய்களுள் ஒன்று அடைப்பான். இந்நோயைத் தடுக்கும் வழி கண்டவரும், அவ்வாராய்ச்சியின்போதே உடலின் வெம்மைக்கும் நோயெதிர்க்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை விளக்கியவரும் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆவார்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் தோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர்; நெப்போலியனின் படையில் போர்வீரராய் இருந்தவர். இளமையில் ஓவியம் தீட்டுவதில் வல்லவராய் விளங்கிய பாஸ்டர், பின்னர் வேதியியலில் உள்ளத்தைச் செலுத்திப் பேராசிரியரானார். புகழ் வளர்ந்த காலத்திலேயே துன்பமும் அவரைத் தொடர்ந்தது. பெண்மக்கள் மூவரை அவர் இளம் பருவத்திலேயே இழந்தார். அவர்களுள் இருவரைக் கொண்டுசென்றது குடற்காய்ச்சல். 1868-இல் வாதநோய் தாக்கி, அவருடைய இடப்பக்கம் செயல் குன்றியது. எனினும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்கினாரல்லர். நோய்களின் வேரைக் காணவேண்டும் என்னும் வேட்கை முன்னினும் மிகுந்தது.

அடைப்பான் நோயை விளைப்பது ஒரு நுண்கிருமி என்பதைச் செருமானிய மருத்துவர் ராபர்ட் காக் 1876-இல் நிலைநாட்டினார். அடுத்த ஆண்டு பாஸ்டரும் அத்துறையில் இறங்கினார். ஆடும் மாடும் மடியும் இந்நோய், கோழியை மட்டும் அணுகுவதில்லை என்பது அவருடைய கருத்தை ஈர்த்தது. செம்மறியாட்டின் உடல்வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். கோழியினுடையதோ 42 பாகையை ஒட்டியது. இம்மிகுந்த வெப்பமே கோழிக்கு அரணோ என அவர் ஐயுற்றார்.

அக்காலத்தில் கோலன் என்னும் கால்நடை மருத்துவப் பேராசிரியர், கோழிக்கும் அந்நோயை எளிதில் உண்டாக்கலாம் என்று கூறிவந்தார். அவ்வாறு மாண்ட கோழி ஒன்றைத் தருமாறு பாஸ்டர் வேண்டினார். திங்கள் பல கழிந்தும் அவரால் அதைத் தர இயலவில்லை. அதன்பின், தாமே அதனைக் காட்டப் பாஸ்டர் முற்பட்டார்.

1878-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூன்று கோழிகள் கொண்ட கூண்டுடன் அவர் பாரிசு மருத்துவக் கழகத்துக்குச் சென்றார். ஒரு கோழி மாண்டு கிடந்தது. இரண்டு உயிருடன் இருந்தன. மாண்ட கோழிக்கு அடைப்பான் கிருமியை ஏற்றி, அதனை 25 பாகை வெப்பமுள்ள நீரில் நிறுத்தி, உடல்வெப்பத்தை 37 அல்லது 38 பாகைக்குத் தாழ்த்தியிருந்தார். மற்றொன்று நீரில் நின்றது, கிருமி ஏற்கவில்லை. மூன்றாவது, கிருமியை மிகுதியாக ஏற்றது, நீரில் நிற்கவில்லை. ஆகவே, குளிர் மட்டும் கொல்லவில்லை, கிருமி மட்டும் கொல்லவில்லை, இரண்டும் கூடியபொழுதே கோழி மாண்டது என்பது தெளிவாயிற்று. வேறொரு கோழி நோயுற்ற பின்னர் நீரினின்று எடுக்கப்பட்டது. அதனைப் பஞ்சில் பொதிந்து வெம்மையான இடத்தில் வைத்தபொழுது, அது பிழைத்துக்கொண்டது.

வெப்பமே கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது எனப் பாஸ்டர் கருதினார். ஆயினும், அக்கிருமி 42 பாகையிலும் வளரவல்லது என்று பின்னர் அறியப்பட்டது. முழு விளக்கத்துக்கு வழிகாட்டியவர், 1888-இல் அவருடைய நிலையத்துக்கு வந்து சேர்ந்த உருசிய அறிஞர் மெச்னிக்காவ். குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதை அவர் ஆராய்ந்தவர். கிருமி புகுந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோவதை அழற்சி என்கிறோம். அது வெள்ளணுக்கள் அங்குத் திரண்டு போரிடுவதன் அடையாளம். உடல் குளிர்ந்தால் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன; வெள்ளணுக்களின் நடை தளர்கிறது; அவற்றை அழைக்கும் வேதிப்பொருள்களும் காலந்தாழ்த்தே சுரக்கின்றன. படை வந்து சேருமுன் பகை கோட்டையைக் கைப்பற்றிவிடுகிறது.

இவ்வுண்மை கோழியோடு நின்றுவிடவில்லை. பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது. அறுவையின்போது உடல்வெம்மை காக்கப்பெற்றவர்களுள் நூற்றுக்கு 6 பேருக்கே புண்ணில் கிருமி பற்றியது. வெம்மை ஏறத்தாழ 2 பாகை குறைந்தவர்களுள் நூற்றுக்கு 19 பேருக்குப் பற்றியது. அறுவைக்கூடங்களில் நோயாளரை வெம்மையுறப் போர்த்திவைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாஸ்டர் அடைப்பானுக்குத் தடுப்பூசியும் கண்டார். 1881-இல் புயி-லெ-ஃபோர் என்னும் சிற்றூரில், பலர் காண, 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் மாடுகள் சிலவற்றுக்கும் அதனைச் செலுத்தினார். பின்னர், ஊசி பெற்றவை பெறாதவை அனைத்துக்கும் கொடிய கிருமி ஏற்றப்பட்டது. ஊசி பெறாத 24 செம்மறிகளும் ஒரு வெள்ளாடும் ஜூன் 2-ஆம் நாள் மாலைக்குள் மாண்டன; ஊசி பெற்றவையோ அன்று உயிருடன் நின்றன. மாண்ட விலங்கைப் புதைத்த மண்ணில் அந்நோயின் வித்து நெடுநாள் அழியாது கிடக்கும் என்பதையும் அவர் எச்சரித்தார். ஆதலின் அடைப்பானால் மாண்ட ஆட்டைத் தோலுரித்தலும் அறுத்தலும் தீங்கு பயப்பனவாம்.

1885-இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனைத் தம் தடுப்பு மருந்தால் காத்து, மக்கள் உயிர்க்கும் அரணானார். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் இயற்கை எய்தினார். நம் நாட்டில் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பெற்ற வெறிநோய் மருத்துவ நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தம் கருத்தை மறுத்தவரை வெல்ல அவர் வன்சொல்லை நாடாது, மூன்று கோழிகளைக் கொண்டுசென்று காட்டினார். மாணவர்கள் அவரிடம் கற்கவேண்டிய பாடம் அதுவே.