பேசாத வீரர் பாவோ நூர்மி

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைக் கேட்கும் மாணவர் அனைவரும் ஒரே விதமாகப் படிப்பதில்லை. ஒருவர் நண்பர்களோடு கூடிப் பேசிப் படிப்பார். மற்றொருவர் மரத்தடியில் தனித்திருந்து படிப்பார். விளையாட்டு மைதானத்திலும் இதே நிலைதான். கைதட்டல் கேட்டால் சிலருக்குக் கால்களில் வேகம் பிறக்கும். வேறு சிலருக்கு அதே கைதட்டல் இடையூறாகத் தோன்றும். உடல் வலிமையிலும் பயிற்சியிலும் ஒத்த இருவர், போட்டி என்று வரும்போது வேறுபட்டு நிற்பதற்கு அவர்தம் மனவியல்பும் ஒரு காரணம் ஆகும். இவ்வுண்மையை விளக்கப் பின்லாந்து நாட்டு ஓட்டவீரர் பாவோ நூர்மியின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த சான்று காண்பது அரிது.

நால்வகை இயல்பு

மனிதரின் மனவியல்பை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானது. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள், உடலில் ஓடும் நால்வகை நீர்களின் ஏற்றத்தாழ்வே குணவேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதினர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் இக்கருத்தை மேலும் வளர்த்தார். எதிலும் எளிதில் கலந்து மகிழும் உற்சாக இயல்பினர், விரைவில் பொங்கியெழும் வேக இயல்பினர், அசைக்க முடியாத நிதான இயல்பினர், எதையும் ஆழ உணர்ந்து வருந்தும் மென்மை இயல்பினர் என அந்நால்வகையை நாம் தமிழில் கூறலாம்.

உடல் நீர்களைப் பற்றிய கொள்கை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. ஆயினும் நால்வகைப் பாகுபாடு மறையவில்லை. நாய்களை வைத்து ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், நரம்பு மண்டலத்தின் வலிமை, சமநிலை, மாறும் வேகம் ஆகிய மூன்றைக் கொண்டு இதே நால்வகைக்குப் புதிய விளக்கம் தந்தார். பின்னர் வந்த உளவியலறிஞர் ஐசெங்க், அகமுக இயல்பு, புறமுக இயல்பு என்னும் ஓர் அளவுகோலையும், மன உறுதி, மனச் சலனம் என்னும் மற்றோர் அளவுகோலையும் அமைத்தார். ஒரே மாதிரியான செயலில் நீண்ட நேரம் கவனம் குன்றாது நிற்பது அகமுகத்தவருக்கு எளிது என்பதும், புறமுகத்தவருக்கு மாற்றமும் தூண்டுதலும் தேவை என்பதும் அவர் கோட்பாட்டிலிருந்து பெறப்படுவன. இவ்வகைகளுள் ஒன்றில் மட்டும் முழுமையாக அடங்கும் மனிதர் மிகச் சிலரே. நிதானமும் அகமுக நோக்கும் ஒருங்கே அமைந்தவர் என்று சொல்லத்தக்கவர் நூர்மி.

வறுமையில் வளர்ந்த இளமை

பாவோ நூர்மி 1897-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பின்லாந்தின் துர்க்கு நகரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி. பாவோவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே, 1910-இல், தந்தை இறந்துவிட்டார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. சமையலறையையும் வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, எஞ்சிய ஓர் அறையிலேயே அனைவரும் வாழ்ந்தனர். நன்றாகப் படித்துவந்த சிறுவன் பள்ளியை விட்டு நீங்கி, ரொட்டிக் கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டுத் தெருக்களில் தள்ளிச் செல்வது அவன் அன்றாட வேலை. அவ்வுழைப்பே தன் கால்களையும் முதுகையும் உரமாக்கியது என்று பிற்காலத்தில் நூர்மி கருதினார்.

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பின்லாந்து வீரர் ஹன்னஸ் கோலெமைனன் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தங்கள் நாட்டான் ஒருவன் உலகை வென்ற செய்தி, பதினைந்து வயதுப் பாவோவின் உள்ளத்தில் தீ மூட்டியது. அன்று முதல் அவர் ஓட்டப் பயிற்சியில் ஆழ்ந்தார்.

அவருக்குப் பயிற்சி தர ஆசிரியர் எவரும் இல்லை. கூடி ஓடத் தோழர்களை அவர் தேடவும் இல்லை. தனியே காட்டுப் பாதைகளில் நடந்தார், ஓடினார். குளிர்காலத்தில் பலரும் பயிற்சியை நிறுத்திவிடும் நாளிலும் அவர் நிறுத்தவில்லை. புறமுக இயல்பினர் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே சலித்துப்போகக்கூடிய இத்தனிமைப் பயிற்சி நூர்மிக்குச் சலிக்கவில்லை. 1919-இல் இராணுவச் சேவையில் இருந்தபோது, துப்பாக்கியும் மணல் மூட்டையும் சுமந்து 20 கிலோமீட்டர் செல்லும் அணிநடைப் போட்டி ஒன்று நடந்தது. பிறர் நடந்த தொலைவை நூர்மி ஓடியே கடந்தார். அவர் அவ்வளவு விரைவில் வந்து சேர்ந்ததைக் கண்டவர்கள், குறுக்கு வழியில் வந்திருப்பாரோ என்று ஐயுற்றனராம்.

தோல்வி தந்த கடிகாரம்

1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கே நூர்மியின் முதல் ஒலிம்பிக். முதலில் நடந்த 5,000 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் கூட்டி ஓடினார். ஆனால் பின்தொடர்ந்து வந்த பிரான்ஸ் நாட்டு ஜோசப் கில்லமோ இறுதியில் பாய்ந்து முந்திவிட்டார். நூர்மிக்குக் கிடைத்தது வெள்ளி. சில நாட்களுக்குள் நடந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் தம் திட்டத்தை மாற்றினார்; கில்லமோவை ஒட்டியே ஓடி, முடிவில் முந்தினார். கிராஸ் கண்ட்ரி என்னும் குறுக்குநாட்டு ஓட்டத்தில் தனிப் பிரிவிலும் குழுப் பிரிவிலும் சேர்த்து, மொத்தம் மூன்று தங்கம் பெற்றார்.

மூன்று தங்கத்தைவிட அந்த ஒரு வெள்ளியே அவரை மிகுதியும் சிந்திக்க வைத்தது எனலாம். தோல்வியுற்றபோது சினந்து பொங்குவோர் உண்டு. மனம் ஒடிந்து ஒதுங்குவோர் உண்டு. நூர்மி அதனை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். தம் வேகத்தைத் தாம் அளந்து செலவிடவில்லை என்பது அவர் கண்ட விடை. இதன் பின்னரே கையில் ஸ்டாப் வாட்ச் ஏந்தி ஓடும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. ஒவ்வொரு சுற்றையும் இத்தனை விநாடியில் முடிக்கவேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, எதிரியைப் பாராமல் கடிகாரத்தைப் பார்த்து ஓடினார். கூட்டத்தின் ஆரவாரமும் எதிரியின் தந்திரமும் அவரைக் கலைக்க இயலாது போயின. அகமுக இயல்பினர்க்கு இதனினும் பொருத்தமான கருவி வேறென்ன இருக்க முடியும்?

பலன் விரைவில் தெரிந்தது. 1921-இல் 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை. 1923-இல் ஒரு மைல் ஓட்டத்தை 4 நிமிடம் 10.4 விநாடிகளில் முடித்தார். ஒரு மைல், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய மூன்றின் உலக சாதனைகளையும் ஒரே காலத்தில் தம் வசம் வைத்திருந்த பெருமை அவருக்கே உரியது.

பாரிஸில் ஐந்து தங்கம்

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டின் இறுதிப் போட்டிகளும் ஒரே நாளில், சிறிது நேர இடைவெளியில் நடக்குமாறு அமைந்தன. நூர்மி கலங்கவில்லை. ஜூன் 19-ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் இரண்டு ஓட்டங்களையும் ஒரு மணி நேர இடைவெளியில் ஓடிப் பார்த்தார். ஒத்திகையாக நடந்த அந்நாளில் இரண்டிலும் உலக சாதனை படைத்தார் என்பது வியப்புக்குரியது.

இதற்குள் அவர் பயிற்சி முறையும் மாறியிருந்தது. முன்பு செய்த மெதுவான நீண்ட பயிற்சி ஒருதலையானது என்பதை அவரே உணர்ந்தார். காலையில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, இடையிடையே சிறு பாய்ச்சல்கள், பின்னர் உடற்பயிற்சி, சற்று ஓய்வு, அதன்பின் 400 முதல் 1,000 மீட்டர் வரை கடிகாரம் பார்த்து விரைவோட்டம், மாலையில் மீண்டும் காட்டுப் பாதை ஓட்டம் என்று ஒரு நாள் வகுக்கப்பட்டிருந்தது. தம் இயல்புக்கு இசைந்த நீண்ட தனிப்பயிற்சியை விடாமலே, இயல்பாக அமையாத வேகத்தையும் அதனோடு சேர்த்துக்கொண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜூலை 10-ஆம் நாள் 1,500 மீட்டரில் எளிதாக வென்றார். அதே நாளில் 5,000 மீட்டரில் தம் நாட்டவராகிய வில்லே ரிட்டோலாவை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் வென்றார். இரண்டு நாள் கழித்து நடந்த குறுக்குநாட்டு ஓட்டம் கடும் வெயிலில் நிகழ்ந்தது. புறப்பட்ட 38 பேரில் 15 பேரே முடித்தனர். பலர் வழியிலேயே மயங்கி வீழ்ந்தனர். நூர்மியோ ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தார். குழுப் போட்டிகளையும் சேர்த்து அவர் வென்றவை ஐந்து தங்கம். 10,000 மீட்டரில் ஓட அவருக்கு அதிகாரிகள் இடம் தரவில்லை. அக்குறை அவர் மனத்தில் கிடந்தது. நாடு திரும்பியதும் அதே தொலைவை 30 நிமிடம் 6.2 விநாடிகளில் ஓடி உலக சாதனையை நிலைநாட்டினார். அது 1937 வரை முறியடிக்கப்படவில்லை.

இயல்பின் மறுபக்கம்

எந்த இயல்பும் நன்மை மட்டுமே தருவதில்லை. கடிகாரத்தோடு ஓடுபவர், கடிகாரத்தைப் பொருட்படுத்தாத எதிரியிடம் இடர்ப்படுவது உண்டு. 1926-இல் பெர்லினில் நடந்த 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் ஆட்டோ பெல்ட்சர் இறுதிப் பாய்ச்சலில் முந்தி உலக சாதனையோடு வென்றார். நூர்மி மூன்றாவதாகவே வர முடிந்தது. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற அவர், 5,000 மீட்டரில் ரிட்டோலாவிடம் தோற்றார். தடைதாண்டும் ஓட்டத்திலும் வெள்ளியே கிடைத்தது. மூன்று ஒலிம்பிக்கிலும் அவர் பெற்றவை 9 தங்கம், 3 வெள்ளி.

அந்தத் தடைதாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் ஒரு நிகழ்ச்சி. நீர்த்தடையைத் தாண்டும்போது நூர்மி வீழ்ந்தார். பிரான்ஸ் வீரர் லூசியன் துகேன் தம் ஓட்டத்தை நிறுத்தி அவரைத் தூக்கிவிட்டார். நூர்மி அவருக்கு வேகம் வகுத்துக் கொடுத்து உடன் ஓடி, முடிவில் முதலிடத்தையும் அவருக்கே விட்டுத்தர முன்வந்தார். துகேன் அதனை ஏற்கவில்லை. உணர்ச்சியற்றவர் என்று பத்திரிகைகள் வருணித்த மனிதரின் நன்றியுணர்வு அங்கே வெளிப்பட்டது. பேசாதவர் உணராதவர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தடையும் தனிமையும்

1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடி, தம் வாழ்வை நிறைவு செய்ய நூர்மி விரும்பினார். ஆனால் போட்டிகளுக்காக அளவுக்கு மிஞ்சிய செலவுத்தொகை பெற்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் உலகத் தடகளச் சம்மேளனம் அவரைத் தடை செய்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்ற பின்னும், தொடக்க விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில் அத்தடை உறுதியாயிற்று. அந்தக் காயம் அவர் மனத்தில் நெடுநாள் ஆறவில்லை. வேறு இயல்பினர் நண்பர்களிடம் சொல்லித் துயரை ஆற்றிக்கொள்வர். நூர்மி அதனைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மணவாழ்க்கையும் சில ஆண்டுகளில் முறிந்தது.

1934-இல் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, 1936 ஒலிம்பிக்குக்குச் செல்லும் பின்லாந்து வீரர்களுக்குப் பயிற்சியளித்தார். அவ்வீரர்கள் நெடுந்தொலைவு ஓட்டங்களில் மூன்று தங்கம், மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றனர். பின்னர்க் கட்டடத் தொழிலில் ஈடுபட்டுச் செல்வரானார். 1952-இல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தபோது, தீபம் ஏந்தி அரங்கினுள் ஓடிவந்தவர் 55 வயது நூர்மியே. அவரை அடையாளம் கண்ட அரங்கம் அதிர்ந்தது. தம் இளமைக் கனவுக்கு வித்திட்ட கோலெமைனனிடம் அவர் தீபத்தை ஒப்படைத்தார். முதுமையில் நோயுற்ற அவர், 1968-இல் இதயநோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

நூர்மி தீபம் ஏந்திய அதே 1952 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றையும் வென்றவர் செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக். அவரோ நூர்மிக்கு நேர்மாறானவர். ஓடும்போதும் உடன் ஓடுவோரிடம் பேச்சுக் கொடுப்பவர். வலியை முகத்தில் மறைக்காதவர். 400 மீட்டர் விரைவோட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடுவது அவர் பயிற்சி. ஒருவர் மௌனத்தால் வென்றார். மற்றவர் கலகலப்பால் வென்றார். ஆகவே, வெற்றிக்கென்று தனி இயல்பு ஒன்று இல்லை என்பது தெளிவு. மனவியல்பு ஒருவரின் எல்லையைக் குறிப்பதன்று; அவர் செல்லவேண்டிய பாதையைக் குறிப்பது.

நம் கல்லூரி மைதானத்திலும் எல்லா மாணவர்க்கும் ஒரே பயிற்சியைத் தருகிறோம். தனித்து ஓட விரும்புபவரைக் கூட்டத்தில் தள்ளுவதும், கூட்டத்தில் மலர்பவரைத் தனியே சுற்றிவர விடுவதும் பல திறமைகளைக் கருகச் செய்யும். அமைதியாக இருக்கும் மாணவனை ஆர்வமற்றவன் என்றும், துடிதுடிப்பவனை அடக்கமற்றவன் என்றும் முடிவு கட்டும் முன் சற்றே நிதானிப்போம். தம் இயல்பை அறிந்து அதன் வழியே பயிற்சியை அமைத்துக்கொள்வதும், அதன் குறையை உணர்ந்து உழைப்பால் நிரப்புவதும் நூர்மி காட்டிய வழி. தள்ளுவண்டி தள்ளிய ஏழைச் சிறுவன் ஒன்பது தங்கம் வென்ற வரலாறு, நம்முள் அடங்கிக் கிடக்கும் பேசாத வீரர்களுக்கும் நம்பிக்கை தரட்டும்!