கண்டும் பயன்படாத காட்சி

ஒரு தேசத்தின் சேனை தோற்பதற்கு ஆயுதக் குறைவும் ஆள் குறைவுமே காரணமென்று எண்ணுவோர், 1940-ம் வருஷம் மே மாதத்தில் பிரான்ஸுக்கு நேர்ந்ததைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். பகைவன் வருவதைக் கண்ட கண்கள் அங்கே இருந்தன. கண்டதை எடுத்துரைத்த வாய்களும் இருந்தன. கேட்டு நடக்க வேண்டிய இடத்திலேதான் செவி இல்லாமற்போயிற்று. அக்கண்களுள் ஒருவராக இருந்தவர் அந்த்வான் து செந்த் எக்ஸுபெரி. தமிழில் குட்டி இளவரசன் என்று வழங்கும் சிறு நூலின் ஆசிரியரென்று நம்மவர் பலர் அவரை அறிவர். வேவு பார்க்கும் விமானியாக இருந்து அத்தொழிலிலேயே அவர் மாண்டதை அறிந்தவர் சிலரே. அதைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

1900-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி லியோன் நகரில் ஒரு பழைய பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். கப்பற்படைக் கலாசாலைப் பரீக்ஷையில் தேறவில்லை. 1921-ல் ராணுவ சேவைக்குச் சென்றபோது விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1926-ல் தபால் விமானக் கம்பெனியில் சேர்ந்து, பிரான்ஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டாக்கர் வரையில் கடிதப் பைகளைச் சுமந்து பறந்தார். மறு வருஷம் சஹாராக் கரையிலுள்ள ஜூபி முனையில் நிலைய அதிகாரியானார். மணற்காட்டில் விழுந்த விமானிகளை மீட்பதற்காக அங்குள்ள குலத்தலைவர்களோடு பேசிப் பழகுவது அவருடைய வேலைகளில் ஒன்று. ஓர் அடிமையை விலை கொடுத்து விடுவித்ததும் அங்கேதான். ஒரு மனிதனின் அடிமைத்தனத்தைக் கண்டு இரங்கியவர், தேசம் தேசமாக அடிமை கொண்டிருந்த தம் சர்க்காரைப் பற்றி அதிகம் எழுதினாரில்லை. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நமது புதுச்சேரியும் காரைக்காலும் அந்நாளில் அதே சர்க்காரின் கீழ்தான் இருந்தன.

1935 டிசம்பர் இறுதியில் பாரிஸிலிருந்து ஸைகோனுக்குப் பறந்தபோது லிபியப் பாலைவனத்தில் விமானம் நொறுங்கிற்று. அவரும் அவருடைய மெக்கானிக்கும் நீரின்றி நாட்கணக்கில் அலைந்து, நாவு வறண்டு சாகும் தறுவாயில் ஓர் அராபியரால் காப்பாற்றப்பட்டனர். 1938-ல் குவாத்தமாலாவில் மீண்டும் விழுந்து எலும்புகள் முறிந்தன. அவ்வுடம்போடுதான், 1939-ல் யுத்தம் மூண்டதும், வைத்தியர்கள் தகுதியற்றவரென்று ஒதுக்கியும் கேளாமல், வேவு விமானப் படைப்பிரிவொன்றில் இடம் கேட்டுப் பெற்றார்.

வேவு விமானியின் தொழில் போர் புரிவதன்று, பார்ப்பது. மேலேயிருந்து நோக்குவோனிடம் பூமி மறைக்கக்கூடியது குறைவு. டாங்கியை மரத்தடியில் நிறுத்தி வலை போர்த்தி மூடலாம். அது வந்த வழியில் புல்லை நசுக்கிப் பதிந்த தடத்தை மூட முடியாது. நேற்றில்லாத பாதையொன்று இன்று தோப்பின் வாயிலில் சென்று முடியுமாயின், அத்தோப்பினுள் ஏதோ ஒளிந்திருக்கிறது. காலை வெயிலில் நீளும் நிழல் பீரங்கிக் குழியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றின் ஓரம் மற்றொன்றில் படியும்படி வரிசையாகப் படமெடுத்து, அவற்றை இரண்டிரண்டாக இரட்டைக் கண்ணாடியின் வழியே பார்த்தால், தட்டையான படத்தில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். இவ்வளவும் செய்து, திரும்பி வந்து ஒப்படைத்தாலன்றிப் போனதில் பயனில்லை. நடுவழியில் விழுந்தால் கண்டது கண்டவனோடு போயிற்று.

மே 10-ந் தேதி ஜெர்மானியர் படையெடுத்தனர். ஆர்டென் காட்டுப் பாதைகளில் மோட்டார் வண்டிகள் நீண்ட வரிசையாக மேற்கு நோக்கி நகர்வதையும், இரவில் விளக்கேற்றிக்கொண்டே செல்வதையும் பிரஞ்சு விமானிகள் கண்டு தெரிவித்தனர். மேலிடத்துச் சேனாதிபதிகளோ, பகைவன் பெல்ஜியத்தின் சமவெளி வழியாகவே பெரும்படையோடு வருவானென்றும், அந்தக் காட்டைக் கடக்க அவனுக்கு நெடுநாள் பிடிக்குமென்றும் முன்னரே முடிவு கட்டியிருந்தனர். முடிவுக்கு மாறான செய்தி வந்தபோது, முடிவைச் சந்தேகிக்காமல் செய்தியைச் சந்தேகித்தார்கள்! 13-ந் தேதி ஜெர்மானியர் ஸெதான் அருகே மியூஸ் நதியைக் கடந்தனர். 20-ந் தேதி அவர்களது டாங்கிகள் கடற்கரையை எட்டிவிட்டன.

இந்நிலையில்தான் மே 23-ந் தேதி அராஸ் நகரின் பக்கம் சென்று டாங்கிகளைப் பார்த்து வருமாறு செந்த் எக்ஸுபெரிக்கு உத்தரவாயிற்று. பிளாக் 174 என்ற விமானத்தில் அவரும், பார்வையாளர் ஒருவரும், துப்பாக்கி வீரர் ஒருவரும் சென்றனர். முதலில் மிக உயரத்தில், மூச்சுக்குப் பிராணவாயுக் குழாயும் குளிரில் உறையும் கருவிகளுமாகப் பறந்தனர். பின்னர் மேகத்தின் கீழே இறங்கி, நாற்புறமும் குண்டுகள் வெடிக்க, எரியும் அராஸின்மேல் சென்றனர். கீழே சாலைகளெல்லாம் வீடு துறந்தோரின் வண்டிகள். டாங்கிகளைக் கண்டார்கள். உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அச்செய்தியைக் கொண்டு என்ன செய்வது? தந்திக் கம்பிகள் அறுந்து, தலைமை நிலையங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. உத்தரவிடுவோருக்குத் தம் சேனை எங்கிருக்கிறதென்பதே தெரியவில்லை. தாம் கொண்டுவரும் செய்தி பயன்படாதென்று புறப்படும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் சென்றார். தம் பிரிவின் 23 விமானக் குழுக்களில் 17 சில வாரங்களுக்குள் அழிந்தனவென்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

ஜூன் 22-ந் தேதி பிரான்ஸ் பணிந்தது. அவ்வருஷ முடிவில் அவர் நியூயார்க் சேர்ந்தார். அங்கே வாழ்ந்த பிரஞ்சுக்காரர், பெத்தேன் கட்சியென்றும் தெகால் கட்சியென்றும் பிரிந்து ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டிருந்தனர். அடிமைப்பட்ட நாட்டின் மக்கள் பகைவனை விட்டுத் தம்முள் சண்டையிடுவது நாம் அறியாத காட்சியன்று. 1941-ல் விஷி சர்க்கார் அவரைக் கேளாமலே தன் தேசிய சபைக்கு அங்கத்தினராக நியமித்தது. அவர் அதைப் பகிரங்கமாக மறுத்தார். தெகாலுடனும் சேரவில்லை. ஆகவே இரு தரப்பாரும் அவரைச் சந்தேகித்தனர். அராஸ் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1942-ல் வெளிவந்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் அது தடை செய்யப்பட்டது. குட்டி இளவரசன் 1943 ஏப்ரலில் வெளியாயிற்று. அதே மாதம், அந்நூலின் கீர்த்தியைக் காணவும் தங்காமல், துருப்புக் கப்பலேறி வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றுவிட்டார்.

அமெரிக்கரின் லைட்னிங் விமானத்தில் துப்பாக்கிகளை அகற்றிவிட்டுக் காமிராக்களைப் பொருத்தியிருந்தனர். ஒருவரே ஏறிச் செல்வது. எதிர்த்தால் ஓடலாமேயன்றிச் சுட இயலாது. அதை ஓட்டுவோருக்கு விதித்திருந்த வயது வரம்பை அவர் எப்போதோ தாண்டியிருந்தார். பழைய முறிவுகளால், பறக்கும் உடுப்பை அணியவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. 1943 ஆகஸ்டில் இறங்கும்போது விமானத்தைப் பாழாக்கிவிட்டதால் பல மாதங்கள் பறக்க அனுமதி மறுக்கப்பட்டது. அவர் வாயில் வாயிலாக ஏறி இறங்கி மன்றாடியதன்பேரில், ஐந்து முறை மட்டும் பறக்கலாமென்று அனுமதி தந்தனர். அவ்வைந்துக்கு மேலும் பறந்தார்.

1944 ஜூலை 31-ந் தேதி காலையில் கார்ஸிகாத் தீவின் போர்கோவிலிருந்து, கிரனோபிள், அன்ஸி பிரதேசங்களைப் படமெடுக்கப் புறப்பட்டார். இம்முறை அவர் கொணரும் படத்துக்குக் காத்திருந்தோர் உண்டு. தென் பிரான்ஸில் நேசப்படைகள் கரையிறங்க இரண்டு வாரங்களே இருந்தன. பிற்பகல் வரையில் பார்த்தார்கள்; விமானம் திரும்பவில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி படைகள் கரையிறங்கின.

1998-ல் மார்ஸேல்ஸுக்கு அப்பாலுள்ள கடலில் மீனவர் ஒருவரின் வலையில் அவர் பெயர் பொறித்த வெள்ளிக் காப்பு ஒன்று சிக்கிற்று. 2000-ல் அதனருகே விமானத்தின் சிதைவுகள் காணப்பட்டன. 2003-ல் அவற்றை மேலே எடுத்தனர். ஓர் உறுப்பில் பொறித்திருந்த எண்ணைக் கொண்டு அது அவருடைய விமானமே என்று 2004-ல் உறுதியாயிற்று. அன்று காலை அவர் எடுத்த படங்கள் கடலோடு போயின.