சாமுவேல் பிஸ்க் கிறீன்

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ மிஷனரி ஆவார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கியவர். அறிவியல் தமிழின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

கிறீன் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தினரின் பண்ணை கிறீன் ஹில் என அழைக்கப்பட்டது. நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவரது சகோதரர். சாமுவேல் கிறீன் நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்க மிஷனில் சேர்ந்து இலங்கை செல்ல முன்வந்தார்.

யாழ்ப்பாணத்தில்

1847 இல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணியை அங்கு ஏற்கனவே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தொடங்கியிருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் பணியாற்றி, 1848 இல் மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்தார். அங்கு நோயாளருக்கு மருத்துவம் செய்ததுடன், உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவக் கல்வியும் அளித்தார். தமிழையும் கற்றுத் தேர்ந்தார்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடங்கள் நடைபெற்றன. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டு நீங்குவதைக் கிறீன் கண்டார். தாய்மொழியில் பயின்ற மருத்துவர் தம் மக்களிடையே தங்கிப் பணியாற்றுவர் என்று அவர் கருதினார். ஆங்கிலம் அறியாதோருக்கும் இவ்வறிவு எட்டவேண்டும் என்பதும் அவரது நோக்கமாகும். கிறித்தவராக மாறுவோர் தம் உடையையும் வழக்கங்களையும் கைவிட்டு ஐரோப்பியரைப்போல் வாழ்வதையும் அவர் விரும்பவில்லை.

1857 இல் தாயகம் திரும்பிய கிறீன், 1862 இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, அதே ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இந்த இரண்டாம் பணிக்காலத்தில் மருத்துவ வகுப்புகள் தமிழிலேயே நடைபெற்றன. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோரில் 33 பேர் தமிழில் மருத்துவம் கற்றவர்கள்.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழில் கற்பிக்க வேண்டுமாயின் முதலில் நூல்கள் தேவைப்பட்டன. ஆங்கில நாடுகளில் வழக்கிலிருந்த பாடநூல்களைக் கிறீன் தம் மாணவர்களின் துணையுடன் தமிழாக்கினார். மொழிபெயர்ப்புகளை அவரே திருத்திச் செப்பனிட்டார். இவை மொத்தம் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் கொண்டவை. முதன்மையானவை வருமாறு:

- அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் (கல்வின் கட்டரின் நூல்)
- பிரசவ வைத்தியம், 1857 (மவுன்செல்)
- இரணவைத்தியம், 1867 (துருவிட்)
- மனுஷ அங்காதிபாதம், 1872 (கிறே)
- வைத்தியாகரம், 1872 (ஹூப்பர்)
- கெமிஸ்தம், 1875 (வெல்ஸ்)
- மனுஷ சுகரணம், 1883 (டால்டன்)
- இந்து பதார்த்த சாரம், 1884 (வாரிங்)

ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அதனையே கிறீன் எடுத்துக்கொண்டார். இல்லாதவிடத்து வடமொழியை நாடினார். இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி அமைத்தார். உடற்கூற்றியலைக் குறிக்கும் அங்காதிபாதம் வடமொழி வழிச் சொற்களால் ஆனது. வேதியியலைக் குறிக்கும் கெமிஸ்தம், ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு பெற்றதாகும். உடலியங்கியல் சுகரணம் எனவும், நலவியல் உற்பாலனம் எனவும் வழங்கப்பட்டன. இச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆயினும் சொல்லாக்கத்தில் ஒரு முறையை வகுத்துக்கொண்டு, முழுப் பாடத்திட்டத்திற்கும் அதனைக் கையாண்டமை குறிப்பிடத்தக்கது.

இறுதிக்காலம்

உடல்நலக் குறைவால் 1873 இல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அதன் பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. மேற்கண்ட பட்டியலின் கடைசி மூன்று நூல்களும் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின்னர் வெளிவந்தவை. 1884 இல் கிறீன் ஹில்லில் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பியதற்கிணங்க, வூஸ்டரில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் அவ்வாறே பொறிக்கப்பட்டது.

தாக்கம்

கிறீன் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைபெறவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்கப் பதவிகளுக்கும் ஆங்கிலமே வழியாயிற்று. இதனால் தமிழில் பயில்வதற்கான ஊக்கம் குன்றியது. நூல்களும் வகுப்பறையை இழந்தன. எனினும், உயர்நிலை அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினாவிற்கு, 33 மருத்துவர்களைத் தமிழில் பயிற்றுவித்த இம்முயற்சி நடைமுறைச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

மானிப்பாயிலுள்ள மருத்துவமனை அவரது நினைவாகக் கிறீன் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. கிறீன் குடும்பத்தினரின் பண்ணை 1905 இல் வூஸ்டர் நகருக்கு வழங்கப்பட்டு, கிறீன் ஹில் பூங்கா ஆயிற்று.