அபினியைக் கரைத்த அதிகாரி

திருட்டுச் சரக்கைப் பிடித்த காவலன் நாட்டின் எல்லைக்கே விரட்டப்பட்டான். சரக்கைக் கொண்டுவந்தவனோ நட்டஈடு பெற்றான்! நாடக மேடையிலே இப்படியொரு காட்சி வைத்தால், நடக்கக்கூடியதை எழுதய்யா என்று நம்மைத்தான் கேலி செய்வார்கள். நடந்தது தோழர்களே, சீனத்துக் கடற்கரையிலே நடந்தது. அந்தக் காவலர் பெயர் லின் சே சூ.

1785-ல் புக்கியன் மாநிலத்திலே, வசதியற்ற ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். பரம்பரைச் சொத்து இல்லை, படிப்பு இருந்தது. 1811-ல் அரசின் உயர்தேர்வில் வென்று, படிப்படியாக ஏறி, ஹூபெய், ஹூனான் எனும் இரு மாநிலங்களுக்குத் தலைமை ஆளுநரானார். கைநீட்டாத அதிகாரி என்று பெயரெடுத்தார். அந்நாளைய சீனத்தில் அது அபூர்வம். எந்நாளில் அது மலிவாகக் கிடைத்தது என்கிறீர்களா? கேளுங்கள், கேட்பதிலே தவறில்லை.

வெள்ளையனுக்குச் சீனத்துத் தேயிலை வேண்டும். சீனனுக்கோ வெள்ளையனின் கம்பளி வேண்டாம், வெள்ளிதான் வேண்டும். வெள்ளி போகிறதே என்று வெதும்பிய கிழக்கிந்தியக் கும்பினி ஒரு வழி கண்டது. வங்காளத்திலும் பீகாரிலும் உழவனுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிடவைத்தது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினியாகப் பக்குவப்படுத்தியது. கல்கத்தாவிலே ஏலம் விட்டது. அத்தோடு கையைக் கழுவிக்கொண்டது! ஏலமெடுத்த வணிகர்கள் சீனத்துச் சட்டத்தை மிதித்துச் சரக்கைக் கரைசேர்த்தார்கள். 1830-களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 பெட்டிகளுக்கு மேல். போன வெள்ளி திரும்பிப் பாய்ந்தது. சீனத்திலே குடும்பங்கள் குலைந்தன, படைவீரனும் குழாயும் கையுமாகச் சுருண்டு கிடந்தான்.

தாவோகுவாங் மன்னன் தனி அதிகாரம் தந்து அனுப்ப, 1839 மார்ச் 10-ந் தேதி லின் காண்டன் வந்து சேர்ந்தார். எட்டே நாட்களில் ஆணை பிறந்தது: அபினி அத்தனையும் ஒப்படைக்க வேண்டும்! வணிகக் கோமான்கள் கொஞ்சம் கொடுத்துத் தப்பப் பார்த்தார்கள். லின் மசியவில்லை. வெளிநாட்டார் சுமார் 350 பேர் தங்கியிருந்த கிடங்கு வீதியை அடைத்தார். சீனப் பணியாட்களை வெளியேறச் சொன்னார். சீமான்கள் தாமே அடுப்பு மூட்டினார்கள். ஆறு வாரம் அந்தச் சமையல் நடந்தது. சரக்கு வெளியே வந்தது, 20,283 பெட்டி!

அதை எரித்தார் என்று பலரும் சொல்வார்கள். எரிக்கவில்லை. எரித்தால் மண்ணிலே ஊறியதைத் தோண்டியெடுத்துக்கூட விற்றுவிடுவார்கள். ஆகவே ஹூமென் கடற்கரையில் மூன்று பெருங்குழிகள் வெட்டச் சொன்னார். நீர் நிரப்பி, உப்பைக் கொட்டி, அபினி உருண்டைகளை உடைத்துப்போட்டு ஊறவைத்து, மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். குழி கொதித்தது, நாற்றம் கிளம்பியது. தொழிலாளர்கள் மண்வெட்டியால் கிளறினார்கள். கரைந்த குழம்பு, நீர் வற்றும் வேளையில் மதகு வழியே கடலிலே கலந்தது. ஜூன் 3-ல் தொடங்கிய வேலை மூன்று வாரம் நீடித்தது. முன்னதாகக் கடல் தெய்வத்துக்குப் பூசை போட்டு, மீன்களை ஒதுங்கச் சொல்லும்படி வேண்டிக்கொண்டாராம். அந்தப் பூசையை விட்டுவிடுவோம். சுண்ணாம்பு செய்த வேலை போதும்.

ஆனால் பிரிட்டிஷ் அதிகாரி எலியட் ஒரு சூழ்ச்சி செய்திருந்தார். சரக்கை வணிகரிடமிருந்து தம் அரசின் பெயராலே வாங்கித்தான் கொடுத்தார். கள்ளனின் நட்டம் மகுடத்தின் நட்டமாயிற்று! இலண்டன் நாடாளுமன்றத்திலே 1840 ஏப்ரலில் அரசைக் கண்டித்து வந்த தீர்மானம், 262-க்கு 271 என்று ஒன்பதே வாக்கில் தோற்றது. கப்பல்கள் வந்தன. அவற்றிலே சென்னை மாகாணத்துக் காலாட்படையும் ஏற்றப்பட்டது. 1841 மே மாதம் காண்டனுக்கு அருகே, கொட்டும் மழையில் துப்பாக்கி நனைந்து வெடிக்காமல் நின்ற சென்னைச் சிப்பாய்களைச் சீனத்துக் கிராமத்தார் ஈட்டியோடு சூழ்ந்தார்கள். கூலிக்குச் சென்றவனும் குடிகாக்க வந்தவனும்! இருவருக்கும் அபினி வியாபாரத்தில் பங்கு உண்டா?

லின் தவறே செய்யாதவர் என்று நாம் சொல்லமாட்டோம். சீனத்துத் தேயிலை இல்லாமல் வெள்ளையன் வாழமாட்டான் என்று கணக்குப் போட்டவர் அவர். ஆனால் அயல்நாட்டு ஏடுகளை மொழிபெயர்க்கச் செய்து, எதிரியை அறிய முயன்றவரும் அவரே. மன்னனோ, கப்பற்படை வடக்கே வந்ததும் நடுங்கி, 1840-லேயே அவரைப் பதவியிலிருந்து தள்ளினான். மறு ஆண்டு, மேற்குக் கோடியிலுள்ள இலி என்ற இடத்துக்குக் கடத்த ஆணையிட்டான். போகும் வழியில் மஞ்சளாறு உடைப்பெடுத்திருந்தது. தண்டனை பெற்றவரை நிறுத்தி, கரையடைக்கும் வேலை வாங்கிக்கொண்டு, பிறகு அனுப்பினார்கள்! அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. வறண்ட நிலத்துக்கு வாய்க்கால் வெட்டுவித்தார்.

1842 ஆகஸ்டில் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் போயிற்று. 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டாலர் தண்டம். அதிலே 60 இலட்சம், கரைத்த அபினிக்கு விலை!

1845-ல் லின்னைத் திரும்ப அழைத்தார்கள். 1850-ல் குவாங்சியில் கிளர்ந்தெழுந்த மக்களை அடக்க அதே அரசு அவரை ஏவியது. அந்தப் பயணத்தை நம்மால் பாராட்ட இயலாது. போய்ச் சேராமலே, நவம்பர் 22-ல் வழியில் காலமானார். எட்டாண்டு கழித்து, இரண்டாவது போரிலும் தோற்ற சீனம், 1858-ல் தன் சுங்கப் பட்டியலிலே அபினியையும் சேர்த்து எழுதியது. நூறு காட்டி எடைக்கு 30 டேல் வெள்ளி வரி.