தண்ணீரில் வளைந்த வெளிச்சம்

ஃபைபர் ஆப்டிக்ஸ் யூனிட்ல 'முழு அக எதிரொளிப்பு'ன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அதை மேடையிலேயே செய்து காட்டிய ஜான் டிண்டாலைத் தெரியுமா?

1820-ல் அயர்லாந்தில், ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்தார். சம்பளமும் நடத்தும் விதமும் சரியில்லை என்று சகாக்களோடு சேர்ந்து குரல் கொடுத்ததால் 1843-ல் அந்த வேலை போனது. பிறகு ரயில்பாதை சர்வேயர், பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் மார்பர்க்கில் புன்சனிடம் (நம்ம லேப் பர்னர் புன்சனேதான்!) படிக்கப் போனபோது வயது 28. அரியர் வெச்சு மனசு உடைஞ்சிருக்கிறவங்க இந்த வயசைக் குறிச்சுக்கோங்க.

1853-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார். அடுத்த வருடமே அந்தச் சோதனை. தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து விழ, உள்ளே பாய்ச்சிய வெளிச்சமும் கூடவே வளைந்து போனது. உண்மையில் ஜெனீவாவின் கொலாடோன் இதை 1842-லேயே எழுதி வெளியிட்டிருந்தார். ஆனாலும் பெயர் டிண்டாலுக்கே ஒட்டிக்கொண்டது.

1859-ல் அவர் செய்தது இன்னும் பெரிசு. ஒரு குழாயில் வாயுவை அடைத்து வெப்பக் கதிரைச் செலுத்தினார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் கதிரை அப்படியே விட்டன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உறிஞ்சிக்கொண்டன. எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. அதுதான் இன்றைய ஃபைபர் ஆப்டிக் கெமிக்கல் சென்சார். நல்ல கான்கிரீட்டின் பிஹெச் 12-க்கு மேல் இருக்கும். அதனால்தான் உள்ளே கம்பி துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்க இறங்க பிஹெச் குறையும். ஃபைபர் நுனியில் பூசிய சாயம் அதற்கேற்ப நிறம் மாறும், திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். பாலத்தில் விரிசல் தெரிவதற்கு முன்பே நமக்குத் தகவல் வந்துவிடும்.

கடைசிக் காலத்தில் டிண்டாலுக்குத் தூக்கமே இல்லை. அதற்கு குளோரால் மருந்து, வயிற்றுக்கு மக்னீசியா. 1893 டிசம்பர் 4 அன்று மனைவி லூயிசா மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்றே உயிர் போனது. அதன்பின் 1940 வரை வாழ்ந்த லூயிசா, கணவரின் வாழ்க்கை வரலாற்றுக்காகக் கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். புத்தகம் வந்தது 1945-ல். அவர் அதைப் பார்க்கவில்லை.

வாயுக்களையே அடையாளம் கண்டவரின் உயிர், ரெண்டு மருந்து மாறியதில் போச்சு. நாளைக்கு லேப்ல பாட்டிலை எடுக்கிறப்போ லேபிளை ஒரு தடவை படிச்சிட்டு எடுங்க.